மருந்தை மாற்றுவதா, இதையே தொடர்வதா?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பெண்களின் சுகாதாரம் பற்றி இருபது நிமிடம் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டார். நீரிழிவு, இரத்த அழுத்தம், மார்புப் புற்றுநோய் என்று பேசலாம். அவற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். நான் அதிகம் பேசப்படாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். நரம்பியல் கிளினிக்கில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி அது. "டொக்டர், இந்த மருந்தை மாத்தவா, இதையே போடவா?" கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட பெண்கள். அவர்களுக்கு இருப்பது மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்ற நோய். நாங்கள் சுருக்கமாக எம்.எஸ். என்போம். இந்த மண்டபத்தில் படித்த ஒருவருக்கும் அது இருக்கிறது. அவருடைய அனுமதியோடு, ஆளை அடையாளம் காட்டாத விதத்தில், அவர் கதையையும் சொல்லப் போகிறேன்.

முதலில் நோய். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் ஓடும் நரம்புகளுக்கு, மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல, மயலின் என்ற உறை இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்குவதுதான் எம்.எஸ். தாக்கிய இடத்தில் தழும்பு விழும். ஸ்கிளெரோசிஸ் என்ற சொல்லுக்கு இறுகிப்போதல் என்று பொருள். பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் 1868இல் இதைத் தனி நோயாக விளக்கினார். தழும்பு எங்கே விழுகிறதோ அதைப் பொறுத்து அறிகுறி மாறும். ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் இழுக்கும், இன்னொருவருக்கு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். சில வாரங்களில் சரியாகும். பிறகு ஒரு நாள் வேறோர் இடத்தில் வரும். இப்படித் திரும்பத் திரும்ப வருவதை நாங்கள் ரிலாப்ஸ் என்கிறோம். உலகம் முழுவதும் சுமார் 29 இலட்சம் பேருக்கு இந்த நோய் உண்டு. ஆண்களைவிடப் பெண்களுக்குக் குறைந்தது இரண்டு மடங்கு. குளிர்நாடுகளோடு பார்த்தால் நம் பகுதியில் குறைவுதான். அதனாலேயே பலர் இதைக் கேள்விப்பட்டதில்லை. வாதம் என்றும், நரம்புத் தளர்ச்சி என்றும், சில வீடுகளில் செய்வினை என்றும் நினைத்துக்கொண்டு வருடக்கணக்காக இருந்துவிடுகிறார்கள்.

புகழ்பெற்ற செலோ வாத்தியக் கலைஞர் ஜாக்குலின் டூ ப்ரேக்கு 1973இல் இந்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். 1987இல், 42 வயதில், அவர் இறந்தார். அந்தக் காலம் முழுவதிலும் நோயின் போக்கைத் தடுக்கும் மருந்து ஒன்றுகூட உலகில் இருக்கவில்லை. முதல் மருந்தான இன்டர்பெரோன் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல். இன்று இருபதுக்கு மேல் இருக்கின்றன. அப்போது மருந்தே இல்லாமல் தவித்தார்கள், இப்போது எதை எடுப்பது என்று தவிக்கிறார்கள்.

இனி நமது தங்கையின் கதை. நான் உயர்தர வகுப்பில் மாணவத் தலைவியாக இருந்தபோது அவர் மூன்றாம் வகுப்பு. காலைக் கூட்டத்தில் வரிசை கலைந்ததற்காக நான் அவரை அதட்டியதாக அவர் சொல்கிறார். எனக்கு நினைவில்லை. வளர்ந்து ஆசிரியையானார், கம்பளைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். 2016இல் ஒரு நாள் கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போது சிவப்புப் பேனை மண்ணிறமாகத் தெரிந்ததாம். பேனையில்தான் பிழை என்று இரண்டு பேனை மாற்றிப் பார்த்திருக்கிறார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தபோதுதான் பிழை கண்ணில் என்று தெரிந்தது. கண் நரம்பில் அழற்சி வந்தால் முதலில் மங்குவது சிவப்பு நிறம். ஸ்கேனில் பழைய தழும்புகளும் இருந்தன. 2017இல் இன்டர்பெரோன் ஊசி ஆரம்பித்தோம். வாரத்துக்கு மூன்று தரம், தோலுக்கடியில், தானே போட வேண்டும். போட்ட இரவு காய்ச்சல் போல உடம்பு உளையும். இரண்டு பனடோல் குடித்துவிட்டுப் படுத்தால் காலையில் பாடசாலைக்குப் போகலாம். 2018இல் ஒரு மகள் பிறந்தாள். ஐந்து வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

2022 நவம்பரில் வலது கால் கனத்தது. படி ஏறும்போது செருப்பு கழன்றது. மூன்று வாரம் நீடித்தது. ஸ்கேனில் இரண்டு புதிய தழும்புகள் என்று அறிக்கை வந்தது. மருந்து வேலை செய்யவில்லை, மாற்ற வேண்டும் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஆனால் அப்படிச் சொல்லுமுன் சில விடயங்களைப் பார்த்தாக வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று சொல்கிறேன், ஏனென்றால் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் இடம் இது.

வந்தது உண்மையான ரிலாப்ஸ்தானா? பழைய தழும்பு இருக்கும் நரம்பு, உடம்பு சூடானால் தற்காலிகமாகச் சோர்ந்துபோகும். ஊட்ஹோஃப் என்ற ஜெர்மன் கண் வைத்தியர் 1890இல் இதைக் கவனித்தார். ஒரு காலத்தில் நோயாளியைச் சுடுநீர்த் தொட்டியில் இருத்தித்தான் இந்த நோயைச் சோதித்தார்கள் என்றால் நம்புவீர்களா? நுவரெலியாவில் நன்றாக இருந்த பெண் கொழும்புக்குக் கல்யாண வீட்டுக்குப் போன அன்று கால் இழுக்கிறது என்று ஓடி வருவார். பெரஹெராக் கூட்டத்தில் நாலு மணித்தியாலம் நின்றவருக்குக் கண் மங்கும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ வந்தாலும் அப்படித்தான். உடம்பு குளிர்ந்ததும், தொற்று மாறியதும் சரியாகும். அது ரிலாப்ஸ் இல்லை, அதற்காக மருந்தை மாற்றத் தேவையும் இல்லை. காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிதாக ஒரு குறைபாடு வந்து, 24 மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தால்தான் ரிலாப்ஸ் என்கிறோம். நமது தங்கைக்கு வந்தது அதுதான்.

அடுத்தது ஸ்கேன். "புதிய" தழும்பு என்றால் எதற்குப் பிறகு புதிது? நாங்கள் ஒப்பிட்டது 2017இல், மருந்து தொடங்குமுன் எடுத்த படத்தோடு. இந்த மருந்துகள் வேலை செய்யத் தொடங்கச் சில மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் விழுந்த தழும்பை மருந்தின் தலையில் கட்டக் கூடாது. மருந்து தொடங்கி மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். நமது நாட்டு வரிசையில் அது எல்லோருக்கும் நடப்பதில்லை. சாய ஊசி போட்டு எடுத்த படத்தில் இரண்டில் ஒன்று ஒளிர்ந்தது. அப்படி ஒளிர்வது அண்மைய வாரங்களில் வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றது எந்த வருடம் வந்தது என்று சொல்ல வழியில்லை. ஆகவே தயவுசெய்து அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள். படம் உள்ள சீடியையும் பத்திரமாக வைத்திருங்கள். வேறு வேறு இயந்திரங்களில், வேறு வேறு இடைவெளியில் எடுத்த படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

மூன்றாவது, மருந்து உண்மையிலேயே உடம்புக்குள் போனதா? முதல் நாள் கேட்டபோது, ஒன்றுவிடாமல் போட்டதாகச் சொன்னார். பக்கத்தில் கணவர் இருந்தார். இரண்டாம் முறை கணவர் தேநீர் வாங்க வெளியே போனபோது சொன்னார்: "அக்கா, அந்த வருஷம் மூணுல ஒரு ஊசி விட்டுப்போச்சு." 2022 எப்படி இருந்தது என்று இங்கிருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. இந்த ஊசியை இரண்டு முதல் எட்டு பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். சில நாள் வெளியே இருந்தால் தாங்கும். பிரிஜ் தினமும் சூடாகிக் குளிர்ந்துகொண்டிருந்தால் மாதக்கணக்கில் தாங்காது. பெற்றோல் இல்லை, பஸ் குறைவு, கிளினிக் தவறியது. கையிலிருந்ததைப் பங்கிட்டுப் பங்கிட்டுப் போட்டிருக்கிறார். இதைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை, ஏற்கெனவே வீட்டில் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றவர் அவர்தான் என்று. அப்படியானால் தோற்றது மருந்தா, மின்சாரமா?

இதே இடத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. எம்.எஸ். போலவே கண்ணையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும், ஆனால் வேறான நோய் ஒன்று இருக்கிறது: நியூரோமயலைட்டிஸ் ஒப்டிக்கா. ஆசியர்களிடையே அதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். அதற்கான எதிர்ப்பொருளை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்பெரோன் போன்ற சில மருந்துகள் இந்த நோயை மோசமாக்கும். மருந்துக்கு மேல் மருந்து மாற்றியும் கேட்கவில்லை என்றால், நோயின் பெயரே சரிதானா என்று ஒரு தரம் கேளுங்கள். கேட்டால் எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார். நமது தங்கைக்கு அந்த எதிர்ப்பொருள் இல்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு மூன்று வழிகள் இருந்தன. அதே ஊசியை ஒழுங்காகப் போட்டு ஆறு மாதத்தில் மீண்டும் ஸ்கேன் எடுப்பது. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்துக்கு மாறுவது. அல்லது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அவர் ஆசைப்பட்டபடி இரண்டாவது பிள்ளையை முதலில் பெற்றுக்கொள்வது. அப்போது அவருக்கு 32 வயது.

ரிட்டுக்ஸிமாப் பற்றிச் சொல்ல வேண்டும். 1997இல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற மருந்து இது. பி கலங்கள் என்ற ஒரு வகை வெள்ளணுக்களை இரத்தத்திலிருந்து துடைத்துவிடும். எம்.எஸ்.ஸுக்கு என்று இதைத் தயாரித்த கம்பனிகள் பதிவு செய்யவில்லை. ஆனால் சுவீடனில் மிகப் பரவலாகப் பாவிக்கிறார்கள். 2022இல் வந்த சுவீடிஷ் ஆய்வொன்றில் இரண்டு வருடத்தில் ரிலாப்ஸ் வந்தவர்கள், ரிட்டுக்ஸிமாப் பெற்றவர்களில் நூற்றுக்கு மூன்று பேர், டைமெதைல் ஃபியூமரேட் என்ற மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்குப் பதினாறு பேர். உலக சுகாதார நிறுவனம் 2023 ஜூலையில் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ். மருந்துகளை முதல் தடவையாகச் சேர்த்தது. சேர்த்த மூன்றில் இதுவும் ஒன்று. இன்டர்பெரோன் ரிலாப்ஸ்களை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும் என்பதோடு ஒப்பிட்டால், இது பலமானது.

பலமானது என்றால் விலையும் உண்டு. நான் ரூபாயைச் சொல்லவில்லை. தொற்று நோய்கள் கூடும். உடம்பில் எப்போதோ வந்து உறங்கிக்கிடக்கும் ஹெப்படைட்டிஸ் பி வைரசைத் தட்டி எழுப்பக்கூடும். ஆகவே முதலில் அதற்கும் காசநோய்க்கும் இரத்தப் பரிசோதனை. மருந்து ஏற்றிய பிறகு தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது, அவற்றை முன்னதாகவே போட்டுவிட வேண்டும். பல வருடம் தொடர்ந்தால் இம்யூனோகுளோபியூலின் அளவு குறையலாம். முதல் தடவை ஏற்றும்போது தொண்டை அரிக்கும், உடம்பு தினவெடுக்கும், அழுத்தம் இறங்கும். அதனால் ஒரு நாள் முழுவதும் வார்ட்டில் இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான ஒரு நன்மையும் இருக்கிறது. வெளிநாட்டுப் பாடப் புத்தகங்களில் இதற்கு அதிக இடமில்லை. நமது நாட்டில் எனக்கு இது முதலிடம். ஒரு மருந்தைத் தெரிவுசெய்யும்போது, அது எவ்வளவு பலமானது என்று மட்டும் கேட்டால் போதாது. அது தட்டுப்பட்டால் என்ன நடக்கும் என்றும் கேட்க வேண்டும். ஃபிங்கோலிமோட் என்ற மாத்திரை நல்ல மருந்து. தினமும் ஒன்று விழுங்கினால் போதும், ஊசியில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் சில வாரங்களில் நோய் முன்பிருந்ததைவிட மூர்க்கமாகத் திரும்பி வரலாம். நடாலிசுமாப்பும் அப்படித்தான். ரிட்டுக்ஸிமாப் ஆறு மாதத்துக்கு ஒரு தரம். அதன் வேலை மெல்ல மெல்லத்தான் தேயும். ஒரு மாதம், இரண்டு மாதம் தாமதமானாலும் உடனே ஆபத்தில்லை. கப்பல் வராத நாட்டில் இது சின்ன விடயமா?

கப்பல் வராத நாடு என்று சும்மா சொல்லவில்லை. 2022 மார்ச் மாதக் கடைசியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தச் செய்தியைப் பார்த்துக் கவலைப்பட்டு, உதவும்படி தமது தூதுவரிடம் சொன்னார். அதே பேராதனையில் மருந்தியல் கற்பித்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஏழை நாடு தனக்குத் தேவையான மருந்தைத் தானே கணக்கிட்டு, நியாய விலைக்கு வாங்க வேண்டும் என்று சொல்லி, 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராக இருந்தவர். அந்த வளாகத்துக்குப் பக்கத்திலேயே இப்படி நடந்ததை அவர் பார்க்காமல் போனது நல்லது என்று எனக்குத் தோன்றியது.

சரி, முடிவு எப்படி வந்தது? முதலில் வீட்டில் ஒரு பாராளுமன்றம் கூடியது. கணவர், "ஊசி அஞ்சு வருஷம் நல்லாத்தானே வேலை செஞ்சிச்சு" என்றார். டொரன்டோவில் இருக்கும் அக்கா தொலைபேசியில், ஒக்ரெலிசுமாப்தான் புதியது, அதைக் கேள் என்றார். (அதுவும் பி கலங்களைத்தான் துடைக்கிறது, ரிட்டுக்ஸிமாப்பின் தங்கச்சி மாதிரி. விலைதான் எட்டாது.) மாமியார் கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார், அதோடு எண்ணெய் வைத்தியமும் யோசித்தார். நமது தங்கை ஒன்றும் பேசவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க அக்கா, நீங்க என்றா என்ன செய்வீங்க?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்லக் கூடாது என்று சில வைத்தியர்கள் நினைக்கிறார்கள். நான் சொல்வேன். கேட்டவருக்குப் பதில் கிடைக்க வேண்டும். "நான் என்றால் மாற்றுவேன்" என்றேன். ஊசி தவறியது உண்மை, ஆனால் இனித் தவறாது என்று யார் உறுதி சொல்வது? வாரத்துக்கு மூன்று ஊசியும் ஓயாமல் ஓடும் பிரிஜும் வேண்டிய மருந்து, அவருடைய வாழ்க்கைக்குள் அடங்கவில்லை. அதையும் ஒரு தோல்வியாகத்தான் எடுக்க வேண்டும், ஆனால் அந்தப் பழி அவர்மேல் இல்லை. முள்ளந்தண்டு வடத்தில் விழும் தழும்பு காலைக் கெடுக்கும், அடுத்தது எங்கே விழும் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஒரு விடயத்தையும் சேர்த்துச் சொன்னேன்: "என் பயமும் உங்க பயமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது பயம் என்று வீட்டில் இருந்து எழுதிக்கொண்டு வாங்க." மூன்று வாரம் கழித்துக் கொப்பித் தாள் ஒன்றில், சிவப்புப் பேனையில், எழுதிக்கொண்டு வந்தார். மேல்மாடி வகுப்புக்கு ஏற முடியாமல் போவது முதலாவது. இரண்டாவது பிள்ளை இல்லாமல் போவது அடுத்தது. தொற்று நோய்ப் பயம் அதற்கெல்லாம் கீழே, ஒரு வரியில். அந்தத் தாளைப் பார்த்த கணவர் பிறகு ஊசியைப் பற்றிப் பேசவில்லை.

பிள்ளை விடயம் பற்றி இங்கே இருக்கும் இளம் தங்கைமாருக்குச் சொல்ல வேண்டும். எம்.எஸ். இருந்தால் பிள்ளை பெறக் கூடாது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே சொன்னார்கள். 1998இல் வெளிவந்த, 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களைத் தொடர்ந்த ஆய்வு அதை மாற்றியது. கர்ப்பத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு வருடத்துக்கு 0.7 என்றிருந்த ரிலாப்ஸ், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் 0.2 ஆகக் குறைந்தது. பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் 1.2 ஆக ஏறியது. அதாவது வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பாதுகாப்பு, பிறந்த பின் ஆபத்து. ஆகவே எந்த மருந்தோடு கர்ப்பத்துக்குள் போகிறோம் என்பது முக்கியம். இன்டர்பெரோனைக் கருத்தரிக்கும் வரை போடலாம். ஃபிங்கோலிமோட் கருவுக்குக் கூடாது, இரண்டு மாதம் முன்னரே நிறுத்த வேண்டும், நிறுத்தினால் நோய் பாயலாம் என்று இரண்டு பக்கமும் இடி. டெரிஃப்ளுனோமைட் உடம்பில் இரண்டு வருடம் வரைகூடத் தங்கும், அதை வெளியேற்றத் தனியாக ஒரு மருந்து குடிக்க வேண்டும். ரிட்டுக்ஸிமாப்புக்குப் பின் 12 மாதம் பொறுக்கச் சொல்லி மருந்துப் பெட்டியின் தாளில் இருக்கிறது. நரம்பியல் வைத்தியர்கள் பலர் அதைவிடக் குறைந்த இடைவெளியை ஏற்கிறார்கள், ஏனென்றால் மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் அதன் வேலை சில மாதம் நீடிக்கிறது. மருந்து இல்லை, பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளை பெற நினைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆகவே கல்யாணம் பேசும்போதே, பிள்ளை பற்றி யோசிக்கும்போதே, உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். நாள் தள்ளிய பிறகு வந்து சொன்னால் தெரிவுகள் குறைந்துவிடும்.

தடுப்பூசிகள் போட்டு, பரிசோதனைகள் முடித்து, 2023 மார்ச்சில் முதல் தடவை ஏற்றினோம். தொண்டை அரித்தது, மெதுவாக்கினோம், சரியானது. செப்டெம்பரில் அடுத்தது. அதற்கு முன் எடுத்த ஸ்கேனை, இந்த முறை மறக்காமல், அளவுகோலாக வைத்துக்கொண்டோம்.

பிறகுதான் நாடே பேசிய அந்த விவகாரம் வந்தது. 2023இல் போலி இம்யூனோகுளோபியூலின் குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்கு வந்தது தெரியவந்து, கைதுகள் நடந்தன. அதே விசாரணையில் ரிட்டுக்ஸிமாப்பும் இருந்தது. ரிட்டுக்ஸிமாப் என்று கொடுத்த குப்பிகளில் வெறும் உப்புக்கரைசல்தான் இருந்ததாக வெளிநாட்டு ஆய்வுகூட அறிக்கை சொல்வதாக 2024இல் நீதிமன்றச் செய்தி வந்தது. அன்று மாலை எனக்கு வந்த முதல் அழைப்பு நமது தங்கையுடையது. "அக்கா, என் உடம்புல ஏறினது மருந்தா, சேலைனா?"

இதற்கு ஆறுதல் வார்த்தை போதாது, ஆதாரம் வேண்டும். நல்ல வேளையாக இந்த மருந்துக்கு ஆதாரம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. உண்மையான ரிட்டுக்ஸிமாப் ஏறியிருந்தால் இரத்தத்தில் பி கலங்கள் பல மாதங்களுக்கு ஏறக்குறைய இல்லாமலே இருக்கும். சிடி19 என்ற பரிசோதனையில் அதை எண்ணலாம். உப்புத் தண்ணீர் ஒரு பி கலத்தையும் தொடாது. எண்ணிப் பார்த்தோம். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கு ஏறியது மருந்துதான். அறிக்கையைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறார். மருந்தின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொப்பியில் எழுதச் சொல்லித் தாதியரிடம் கேட்கிறார். மற்ற நோயாளிகளும் இப்போது கேட்கிறார்கள். கேட்பதில் தவறே இல்லை.

அவருடைய கதையை முடித்துவிடுகிறேன். 2024 மார்ச்சில் மூன்றாவது தடவை ஏற்றிய பின் நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்துக் கருத்தரித்தார். 2025 ஜூனில் ஒரு மகன். பிறந்த சில வாரங்களில் மருந்தை மறுபடி தொடங்கினோம், அந்த 1.2 என்ற எண்ணுக்குப் பயந்து. இதுவரை ரிலாப்ஸ் இல்லை. மாலையானால் வலது கால் கொஞ்சம் இழுக்கும், அது 2022இன் மிச்சம். மேல்மாடிக்கு ஏறுகிறார், கைபிடியைப் பிடித்துக்கொண்டு. மாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் ஒரு நாள் கேட்டார். அதை யாராலும் சொல்ல முடியாது. ஒரே பெண்ணை இரண்டு வழியிலும் நடத்திப் பார்க்க முடியாதே.

மாற்றுவதைப் பற்றியே பேசினேன். நிறுத்துவதும் ஒரு மாற்றம்தான். எனது கிளினிக்கில் 61 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். பத்து வருடமாக ஒரு ரிலாப்ஸும் இல்லை. "போதும் டொக்டர், குத்திக் குத்தி வயிறு கல்லாப் போச்சு" என்கிறார். நியாயமான கேள்வி. வயது ஏற ஏற நோயின் மூர்க்கம் குறையும். 2023இல் வந்த அமெரிக்க ஆய்வில், 55 வயதுக்கு மேற்பட்ட, ஐந்து வருடம் ரிலாப்ஸ் இல்லாத 259 பேரை எடுத்துப் பாதிப்பேருக்கு மருந்தை நிறுத்தினார்கள். தொடர்ந்தவர்களில் 4.7 வீதமானோருக்கும் நிறுத்தியவர்களில் 12.2 வீதமானோருக்கும் ரிலாப்ஸோ புதிய தழும்போ வந்தது, பெரும்பாலும் ஸ்கேனில் மட்டும். இந்த இரண்டு எண்களையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "எட்டில் ஒன்று என்றா பரவாயில்லை" என்று அவர் நிறுத்தினார். அதே எண்களைக் கேட்ட இன்னொருவர் தொடர்கிறார். இரண்டு பேரும் சரிதான்.

இந்த மலர் வெளிநாடுகளுக்கும் போகும் என்பதால், டொரன்டோ, லண்டன், மெல்பேர்ணில் இருக்கும் சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. உங்களுக்கே இந்த நோய் இருந்தால், உங்கள் முன்னே பத்துப் பன்னிரண்டு மருந்துகளை வைத்து "நீங்களே தெரிவுசெய்யுங்கள்" என்பார்கள். நடாலிசுமாப் என்றால் ஜேசி வைரசுக்கு இரத்தப் பரிசோதனை எப்படியிருக்கிறது என்று கேளுங்கள். 2005இல் அந்த மருந்தைச் சிறிது காலம் சந்தையிலிருந்தே எடுத்தார்கள், அந்த வைரஸ் சிலருடைய மூளையைத் தாக்கியதால். இப்போது அந்தப் பரிசோதனை இருப்பதால் யாருக்கு ஆபத்துக் கூட என்று ஓரளவு முன்னரே தெரியும். உங்கள் தங்கைக்கு ஊரில் இந்த நோய் இருந்தால், சூட்கேசில் மருந்து கொண்டுவராதீர்கள். ஆறு மாதத்துக்குப் போதுமான மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஏழாம் மாதம் அனுப்ப முடியாமல் போனால், நான் சொன்ன அந்தத் திடீர் நிறுத்தம்தான் நடக்கும். குளிரில் வைக்க வேண்டிய ஊசி கட்டுநாயக்காவிலிருந்து கண்டிக்கு வருமுன் கெட்டுவிடக்கூடும். உதவ நினைத்தால் ஸ்கேன் செலவைக் கொடுங்கள், கிளினிக் நாளில் வேன் பிடித்துக் கொடுங்கள். கம்பளையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவருக்கு அது பெரிய உதவி. நீங்கள் எடுக்கும் மருந்தை உங்கள் தங்கையும் ஏன் எடுக்கவில்லை என்று தொலைபேசியில் மட்டும் கேட்காதீர்கள்.

தலைவி அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள். கூட்டத்தில் கேட்கக் கூச்சமாக இருந்தால், தேநீர் வேளையில் பின் வராந்தாவில் நிற்பேன்.